மகுடமும் சூடாமணியும்

மொழிபெயர்ப்பை நாள்தோறும் தொழிலாகக் கொண்ட நம்மைப் போன்றோருக்குப் பதவிப் பெயர்களைப் போலத் தொல்லை தருபவை வேறில்லை. 'உபராஜன்' என்னும் சொல்லை எடுத்துக்கொள்வோம். 'உப' என்றால் அடுத்தது, துணையானது. 'ராஜன்' என்றால் அரசன். துணையரசன் என்று எழுதிவிட்டால் வேலை முடிந்துவிட்டதாகவே தோன்றும். ஆனால் அவன் பட்டத்துக்கு உரிய இளவரசனா? படைத்தலைவனா? அரசன் தலைநகரில் இல்லாதபோது நாட்டைக் காப்பவனா? அல்லது வெறும் அலங்காரமா? பௌத்தம் தழைத்த நாடுகளின் வரலாற்றைப் புரட்டினால், இக்கேள்விகள் ஒவ்வொன்றுக்கும் ஒரு காலத்தில் ஆம் என்றும் மற்றொரு காலத்தில் இல்லை என்றும் விடை கிடைக்கிறது.

சொல் நம் நாட்டில் பிறந்தது. இலங்கையில் பாலி மொழியில் இயற்றப்பட்ட மகாவம்சம், அசோகச் சக்கரவர்த்தியின் தம்பி திஸ்ஸரை உபராஜர் என்று குறிப்பிடுகிறது. அவர் ஒரு நாள் காட்டில் மான்கள் துள்ளி விளையாடுவதைக் கண்டார். புல்லைத் தின்னும் மான்களுக்கே இவ்வளவு களிப்பு என்றால், நல்ல உணவும் உறைவிடமும் பெற்ற பிக்குகள் ஏன் களித்திருக்க மாட்டார்கள் என்று எண்ணினார். அதைக் கேட்ட அசோகர், ஏழு நாள் நீயே அரசனாக இரு, ஏழாம் நாள் முடிவில் உன் உயிர் போகும் என்று சொல்லி அரசைத் தம்பியிடம் ஒப்படைத்தாராம். ஏழு நாளில் திஸ்ஸர் இளைத்துத் துரும்பானார். சாவை இடைவிடாது எண்ணியிருப்பவனுக்குக் களிப்பு ஏது என்பது அவருக்கு விளங்கியது. பின்னாளில் அவரும் துறவு பூண்டார். துறவின் பெருமையை உணர்த்தச் சொல்லப்பட்ட கதை இது. ஆயினும் நமக்கு இதில் மற்றொன்றும் தென்படுகிறது. அரசையும் மரணத்தையும் ஒரே கையிலிருந்து பெறக்கூடிய இடத்தில் நிற்பவன் உபராஜன்.

பாடலிபுத்திரத்துச் சொல் கடல் கடந்து பர்மாவுக்கும் சயாமுக்கும் கம்போஜத்துக்கும் சென்றது. 1939 முதல் தாய்லாந்து என்று வழங்கும் சயாம் நாட்டில் 'உபராத்' என்று அது திரிந்தது. அந்நாட்டு உபராஜர்களுள் ஒருவரின் வாழ்க்கையை இங்கே காண்போம். ஐரோப்பியர் அவரை 'இரண்டாம் அரசர்' என்று அழைத்தனர். அவருடைய இளமைப் பெயர் சுதாமணி. தமிழர் காதுக்கு இது புதிதன்று. சீதாபிராட்டி அனுமனிடம் கொடுத்தனுப்பிய சூடாமணிதான் அது. நாகப்பட்டினத்தில் சோழர் காலத்தில் எழுந்த பௌத்தப் பள்ளிக்கும் சூடாமணி விகாரம் என்றே பெயர். அவருடைய தமையனார் பெயர் மொங்குத், அதாவது மகுடம். மொங்குத்தின் மகனோ சுலாலங்கார்ன், சூடாலங்கரணம் என்னும் சொல்லின் சயாமிய வடிவம். தலையில் அணியும் பொருள்களையே குடும்பம் முழுவதற்கும் பெயராக வைத்தார்கள் போலும். தலை ஒன்றாயிருக்க அணிகள் பலவானதுதான் இவ்வரலாற்றின் சிக்கல்.

சயாமில் உபராஜரின் இருப்பிடத்துக்கு 'வாங் நா' என்று பெயர். முன் மாளிகை என்பது பொருள். போருக்குச் செல்கையில் முன்னணிப் படையை நடத்துபவர் அவரே. வடநாட்டில் வாழும் நம்மவர்க்கு யுவராஜர் என்னும் பட்டம் பழக்கமானது. அதைக் கொண்டு உபராஜரை அளந்தால் தவறிப் போவோம். யுவராஜர் தந்தையின் செல்வத்தை எதிர்நோக்கியிருக்கும் மகன். முன் மாளிகைத் தலைவரோ பெரும்பாலும் அரசரின் தம்பி. தமக்கெனப் படையும், கருவூலமும், அமைச்சரும், அரசவையும் உடையவர். 1782-இல் பாங்காக் நகரை நிறுவிய முதலாம் ராமர் என்னும் சக்ரி வம்சத்து முதல்வர், தம்முடன் தோளோடு தோள் நின்று பர்மியரை எதிர்த்த தம்பியையே உபராஜராக்கினார். அரண்மனைக்குச் சற்று வடக்கே தம்பிக்கும் ஓர் அரண்மனை எழுந்தது. ஓர் ஊரில் இரண்டு மதில், இரண்டு படை. அண்ணனும் தம்பியுமே ஒரு சமயம் பீரங்கிகளை ஏற்றிவைக்கும் அளவுக்குப் பகைத்து, தமக்கையர் நடுவே வந்து சமாதானம் செய்யும்படி ஆயிற்று. 1803-இல் தம்பி இறந்தார். தாம் கட்டிய மாளிகையில் தம் வழியினரல்லாதார் வாழ்ந்தால் நலமுறாதொழிக என்று அவர் சாபமிட்டதாக வழிவழியாகச் சொல்லுவர். சாபத்தை நம்புவதும் நம்பாததும் அவரவர் விருப்பம். அவருடைய மக்கள் இருவர் அரசுக்கு எதிராகச் சதி செய்ததாகக் குற்றம் சாட்டப்பட்டு உயிரிழந்தனர் என்பது மட்டும் வரலாறு.

நம் சூடாமணி 1808 செப்டம்பர் 4-இல் பிறந்தார். மொங்குத் அவருக்கு நான்கு ஆண்டு மூத்தவர். இருவரும் இரண்டாம் ராமருக்குப் பட்டத்தரசியின் வயிற்றில் உதித்தவர்கள். 1824-இல் தந்தை இறந்தபோது மொங்குத் அப்போதுதான் காவியுடுத்துப் பிக்குவாகியிருந்தார். பிரபுக்கள் கூடி, வேறொரு தேவிக்குப் பிறந்தவரும் ஆட்சித் தொழிலில் தேர்ந்தவருமான மூத்த இளவரசரை அரசராக்கினர். மொங்குத் விகாரத்திலேயே தங்கிவிட்டார். ஒரு நாள் இரு நாள் அன்று, 27 ஆண்டு. காவி அவரைக் காத்தது. காவியணியாத தம்பியைக் காப்பதற்கு என்ன இருந்தது? பட்டத்தரசியின் மகன் என்னும் பிறப்புரிமையே அவருக்குப் பகையாகக் கூடியது. அவர் புதிய அரசருக்கு ஊழியம் செய்யும் வழியைத் தேர்ந்தெடுத்தார். பீரங்கிப் படையின் தலைமை அவருக்குக் கிடைத்தது. 1840-களின் தொடக்கத்தில் வியட்நாமியருக்கு எதிராக ஹாதியன் துறையை நோக்கிச் சென்ற கப்பற்படைக்கும் அவர் தலைமை தாங்கினார். அப்படையெடுப்பு வெற்றி பெறவில்லை.

இவ்விடத்தில் அவருடைய கல்வியைச் சற்று விரித்துரைக்க வேண்டும். அக்காலத்தில் பாங்காக் நகருக்கு அமெரிக்கப் பாதிரிமார் வந்து தங்கியிருந்தனர். அவர்களிடம் மதத்தை விட்டுவிட்டு மற்ற எல்லாவற்றையும் கற்றுக்கொள்ளச் சகோதரர் இருவரும் முற்பட்டனர். தமையனார் விகாரத்தில் அமர்ந்து லத்தீனும் ஆங்கிலமும் வானநூலும் பயின்றார். தம்பியின் மனம் கருவிகளில் சென்றது. ஐரோப்பிய முறையில் பாய்மரக் கப்பல் கட்டுவித்தார். பீரங்கி வார்க்கும் நுட்பங்களை ஆராய்ந்தார். நீராவி எந்திரத்தில் தீராத ஆசை கொண்டார். அவருடைய ஆங்கிலப் பேச்சைக் கேட்ட மேல்நாட்டார் வியந்து எழுதியிருக்கின்றனர். 1838-இல் பிறந்த தம் மகனுக்கு அவர் சூட்டிய பெயரைக் கேட்டால் நேயர்கள் புன்னகை புரிவர்: ஜார்ஜ் வாஷிங்டன். முடியாட்சியை உதறி எழுந்த ஒரு குடியரசின் தலைவர் பெயரை, முடியாட்சி நாட்டின் இளவரசர் ஒருவர் தம் குழந்தைக்கு இடுவதென்றால் அது வெறும் விளையாட்டா, அல்லது அடிமனத்தில் ஏதேனும் இருந்ததா? நாம் விளையாட்டென்றே கொள்கிறோம். ஆனால் அந்தக் குழந்தையின் பிற்கால வாழ்க்கை விளையாட்டாக அமையவில்லை.

1851 ஏப்ரலில் மூன்றாம் ராமர் காலமானார். பிரபுக்கள் மொங்குத்தை விகாரத்திலிருந்து அழைத்து வந்து அரியணையில் அமர்த்தினர். அப்போது அவருக்கு வயது 46. அவர் செய்த முதற் செயல்களில் ஒன்று தம்பியை உபராஜராக்கியது; ஆனால் வழக்கமான உபராஜராக அன்று. தமக்கு நிகரான அரசராகவே தம்பிக்கும் முடிசூட்டுவித்தார். வெண்கொற்றக் குடையும் அரசருக்குரிய பட்டப்பெயரும் அவருக்கும் கிடைத்தன. அரசருக்குச் சொல்லும் சொற்களாலேயே அவரையும் விளிக்க வேண்டும் என்று ஏற்பட்டது. 'பின்க்ளாவ்' என்னும் புதுப்பெயர் சூட்டினார்கள். அதுவும் முடியில் செருகும் ஓர் அணிதான்.

ஏன் இப்படிச் செய்தார்? தம்பியின் ஜாதகத்தில் அரசயோகம் அழுத்தமாக இருந்ததாம். அவரை விட்டுவிட்டுத் தாம் மட்டும் முடிசூடினால் தமக்கு ஆகாது என்று மொங்குத் கருதினாராம். கிரகணத்தை முன்கூட்டிக் கணிக்கத் தெரிந்த வானநூலறிஞர் ஜாதகத்துக்கு அஞ்சினார் என்பதில் முரண்பாடு ஒன்றுமில்லை. நம் நாட்டிலும் அத்தகையோரைப் பார்த்திருக்கிறோம். பழைய அயுத்தயா நகரில் நரேசுவர மன்னர் தம் தம்பி ஏகாதசரதரை நிகரான மரியாதையுடன் வைத்திருந்த முன்னுதாரணமும் இருந்தது. ஆனால் ஜாதகத்துக்கும் முன்னுதாரணத்துக்கும் அப்பால் பீரங்கிகள் இருந்தன. 27 ஆண்டு காவியிலிருந்து வெளிவந்த அரசரிடம் படை இல்லை, தம்பியிடம் இருந்தது. அவரைப் பகைத்துக்கொள்வதைவிட நிகராக்கிக்கொள்வது அறிவுடைமை. இதைத் தந்திரம் என்று சிலர் கூறுவர். அன்பும் தந்திரமும் ஒரே செயலில் கலந்திருப்பது அரண்மனைக்கு மட்டும் உரியதன்று.

முடிசூட்டு விழாவில் அபிஷேக நீர் வார்த்தவர்கள் அரசவையைச் சேர்ந்த பிராமணர்கள். பௌத்த நாடாயினும் அரசச் சடங்குகள் அவர்கள் கையில்தான் இருந்தன. மார்கழியில் நாம் ஓதும் திருவெம்பாவை அவர்களுடைய குளிர்கால ஊஞ்சல் விழாவுக்குத் 'த்ரியம்பவாய்' என்று பெயராகி நின்றதை அறிஞர்கள் எடுத்துக்காட்டியுள்ளனர். பொருள் மறந்த பிறகும் ஓசை மறக்காத அந்தத் தமிழைப் பற்றித் தனியாகவே பேசலாம்.

1855 ஏப்ரலில் ஹாங்காங் ஆளுநர் ஜான் பௌரிங் பிரிட்டனின் சார்பில் சயாமுடன் உடன்படிக்கை செய்துகொண்டார். அதில் முதல் அரசர், இரண்டாம் அரசர் என இருவர் பெயரும் முழுப்பட்டங்களுடன் பொறிக்கப்பட்டன. மறு ஆண்டு வந்த அமெரிக்கத் தூதர் டவுன்சென்ட் ஹாரிஸும் இருவருக்கும் தனித்தனியே பரிசில் கொண்டுவர வேண்டியிருந்தது. வெளிநாட்டார்க்கு இது பெரும் புதிராக இருந்தது. இருவரில் யார் ஆள்கிறார்? விடை எளிது: அண்ணன் ஆண்டார். தம்பி பெரும்பாலும் அரசாங்க அலுவல்களில் தலையிடவில்லை. ஐரோப்பியப் பாணியில் கட்டிய மாடிவீட்டில் வாழ்ந்தார். நூல்களையும் அறிவியல் கருவிகளையும் சேர்த்துவைத்தார். வந்த வெள்ளையரை மேசையிட்டு உபசரித்தார். தம் படைக்கு மேல்நாட்டு முறையில் பயிற்சி அளிக்கத் தாமஸ் ஜார்ஜ் நாக்ஸ் என்னும் ஆங்கிலேயரை அமர்த்தினார். அவர் முன்பு இந்தியாவில் பிரிட்டிஷ் சேனையில் பணிபுரிந்தவர். இப்பெயரை நேயர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டுகிறோம். நாக்ஸ் பின்னர் பாங்காக்கில் பிரிட்டிஷ் தூதராகவே ஆகிவிட்டார்.

தலைநகரின் நெருக்கடி சலித்தபோது உபராஜர் சராபுரி வட்டாரத்தில் ஆற்றங்கரைச் சிற்றூர் ஒன்றில் தாம் கட்டிய மாளிகைக்குச் சென்றுவிடுவார். சுற்றிலும் லாவோ மக்கள் குடியேறியிருந்தனர். அவர்களுடைய மூங்கிற்குழல் வாத்தியமான 'கேன்' அவருக்கு உயிர். தாமே வாசிப்பார், அவர்களுடன் ஆடுவார். அரசரின் பிள்ளை பாமர மக்களின் வாத்தியத்தை மடியில் வைத்துக்கொண்டு அமர்ந்திருக்கும் காட்சியை எண்ணிப் பார்க்கையில், நீராவி எந்திரத்தைவிட இதுவே அவரை நமக்கு அருகில் கொண்டுவருகிறது.

தமையனார்க்கு இது பிடித்திருந்ததா? மொங்குத் எழுதிய கடிதங்களில் தம்பியைப் பற்றிக் கேலியும் மனத்தாங்கலும் கலந்த பேச்சு வருகிறது. தம்மைக் கிழவர் என்று ஒதுக்கும் மக்கள் தம்பியை இளைஞராகக் கருதி விரும்புகிறார்கள் என்ற குறை அதில் தொனிக்கிறது. இருவருக்கும் இடையே நான்கு ஆண்டுதான் வேற்றுமை! 1865-இல் லாவோ ஆட்டத்தையும் கேன் வாசிப்பையும் தடை செய்து அரசர் ஓர் ஆணை பிறப்பித்தார். சயாமியக் கலைகளைக் கைவிட்டு மக்கள் இதன் பின்னே போவதால் மழை பொய்க்கிறது என்று அதில் காரணம் காட்டப்பட்டது. ஆணையில் தம்பியின் மீது குற்றம் சுமத்தவில்லை. ஆனால் அவருக்கு உயிரான வாத்தியம் எது என்பது ஊரறிந்த செய்தி. அப்போது அவர் நோய்ப்படுக்கையில் இருந்தார். 1866 ஜனவரி 7-ஆம் நாள், தம் 57-ஆம் வயதில், முன் மாளிகையில் உயிர் நீத்தார்.

பதினான்கு ஆண்டுக்கு மேல் படை இருந்தது, பணம் இருந்தது, அரசர் என்ற பட்டமும் இருந்தது. பிரிட்டிஷ்காரர் நாட்டமும் பிரெஞ்சுக்காரர் நாட்டமும் அண்டை நாடுகளில் பரவிக்கொண்டிருந்த காலம்; அரச குடும்பத்தில் பிளவு எங்கே என்று தேடுவோருக்குக் குறைவில்லை. அவர் ஒரு முறைகூட அப்படையைத் தெற்கு மதிலை நோக்கித் திருப்பவில்லை. அண்ணன் தம்பியை உயர்த்தியதைப் பலரும் பாராட்டுகின்றனர். உயர்த்தப்பட்டவர் அடங்கியிருந்ததையே நாம் அதனினும் அரியதாகக் கருதுகிறோம்.

அது எத்துணை அரியது என்பதை அறிய அதே ஆண்டில் மேற்கே பர்மாவைப் பார்த்தால் போதும். அங்கே மிண்டான் மன்னரும் தம் தம்பி கனௌங் இளவரசரை உபராஜராக வைத்திருந்தார். தம்பியின் வாள்பலத்தால் 1853-இல் அரியணை ஏறியவர் அவர். கனௌங்கும் நம் சூடாமணியைப் போலவே ஆயுதத் தொழிற்சாலைகளிலும் மேல்நாட்டு எந்திரங்களிலும் ஆர்வம் மிக்கவர். ஆனால் தம்பி வாரிசானால் மக்களின் கதி என்ன? 1866 ஆகஸ்டு 2-ஆம் நாள், மந்திராலோசனை நடந்துகொண்டிருந்த இடத்தில் புகுந்து, மன்னரின் மக்களான மிங்குன், மிங்கோண்டைங் என்னும் இளவரசர் இருவர் சிற்றப்பனை வெட்டி வீழ்த்தினர். மிங்குன் தப்பியோடி, பிற்காலத்தில் புதுச்சேரியில் பிரெஞ்சுக்காரர் நிழலில் சில காலம் வாழ்ந்து, சைகோனில் முடிந்தார். மனமுடைந்த மிண்டான் மறு உபராஜரை நியமிக்கவே இல்லை. 1878-இல் அவர் மரணப்படுக்கையில் கிடந்தபோது அரண்மனைச் சூழ்ச்சி திபா என்னும் இளைஞரை அரசராக்கியது. மறு ஆண்டு அரச குடும்பத்தினர் பலர் கொன்று குவிக்கப்பட்டனர். 1885 நவம்பரில் ஆங்கிலேயர் மாண்டலே நகரைக் கைப்பற்றித் திபாவை மதராசுக்குக் கொண்டுவந்தனர். சில மாதங்களுக்குப் பின் ரத்தினகிரியில் வைத்தனர். 1916-இல் அங்கேயே அவர் மாண்டார். மகாராஷ்டிரத்தில் வாழும் நம்மவர் அக்கடற்கரை ஊருக்குச் சென்றால் அவர் வாழ்ந்த மாளிகையைக் காணலாம்.

சயாமுக்குத் திரும்புவோம். தம்பி இறந்த பின் மொங்குத்தும் வேறு உபராஜரை நியமிக்கவில்லை. 1868 ஆகஸ்டு 18-இல் நிகழ்ந்த முழுச் சூரிய கிரகணத்தைத் தாம் கணித்தவாறே கண்டுகளிக்கச் சதுப்பு நிலக் கடற்கரைக்குச் சென்றார். அதே நாளில் நம் ஆந்திர நாட்டுக் குண்டூரில் அதே கிரகணத்தைப் பிரெஞ்சு விஞ்ஞானி ஜான்சன் ஆராய்ந்துகொண்டிருந்தார். மொங்குத் காய்ச்சலுடன் திரும்பி அக்டோபர் 1-இல் காலமானார். மகன் சுலாலங்கார்னுக்கு வயது 15. ஆட்சிப் பொறுப்பு ஸ்ரீ சூரியவம்சர் என்னும் பேரமைச்சர் கையில் விழுந்தது. அவர் பிரபுக்கள் சபையைக் கொண்டு, இறந்த உபராஜரின் மகனை, அதே ஜார்ஜ் வாஷிங்டனை, விச்சாய்சான் என்னும் பட்டத்துடன் முன் மாளிகையில் அமர்த்தினார். உபராஜரை நியமிப்பது அரசரின் உரிமை அல்லவா என்று சபையில் ஓர் இளவரசர் ஆட்சேபித்தார், பயனில்லை. அரசர் நியமிக்காத முதல் உபராஜர் இவரே. இங்கேதான் முறிவு தொடங்கியது. தந்தைமார் உடன்பிறந்தோர், இவர்களோ பெரியப்பன் சிற்றப்பன் மக்கள். ஒருவர் மற்றவருக்கு எதையும் கொடுக்கவில்லை. ஒருவரிடமிருந்து மற்றவர் எதையும் பெறவுமில்லை.

இளம் அரசர் 1872-இல் இந்தியாவுக்கு வந்து கல்கத்தா, தில்லி, பம்பாய் முதலிய நகரங்களைப் பார்வையிட்டார். திரும்பிச் சென்று நிர்வாகத்தைச் சீர்திருத்த முற்பட்டபோது, நாட்டின் வருவாயில் மூன்றில் ஒரு பங்களவு முன் மாளிகைக்குச் செல்வதும், அங்கே ஏறத்தாழ 2,000 பேர் கொண்ட படை இருப்பதும் கண்ணை உறுத்தின. 1874 டிசம்பர் 28 இரவு பேரரண்மனைக்குள் தீப்பற்றியது. வழக்கப்படி தீயணைக்க உபராஜரின் வீரர்கள் ஓடிவந்தனர். ஆனால் ஆயுதத்துடன் வந்தனர். வாயிற்காவலர் உள்ளே விடவில்லை. தீ அணைந்தது; ஐயம் மூண்டது. அரசரின் படை முன் மாளிகையைச் சூழ்ந்தது. 1875 ஜனவரி 2-இல் விச்சாய்சான் பிரிட்டிஷ் தூதரகத்துக்குள் ஓடி அடைக்கலம் புகுந்தார். தந்தையின் படைக்குப் பயிற்சியளித்த நாக்ஸ் அப்போது விடுமுறையில் தாய்நாட்டில் இருந்தார். அவருடைய நட்பை நம்பியே உபராஜர் அங்குச் சென்றார் என்பது பொதுவான கருத்து.

நாடு இரண்டாகப் பிளந்து, பிளவின் வழியே அயலார் நுழைவதற்கு இதைவிட நல்ல தருணம் வேறு வேண்டியதில்லை. நல்வாய்ப்பாக, சமரசம் செய்யச் சிங்கப்பூரிலிருந்து வந்த ஆளுநர் ஆண்ட்ரூ கிளார்க் அரசரின் பக்கம் நியாயம் இருப்பதாக முடிவு செய்தார். விச்சாய்சான் பட்டத்தை வைத்துக்கொண்டார், படையை இழந்தார். பத்தாண்டு தம் மாளிகையில் ஒதுங்கி வாழ்ந்து 1885 ஆகஸ்டு 28-இல் இறந்தார். மூன்று மாதத்தில் மாண்டலே வீழ்ந்தது.

சுலாலங்கார்ன் வேறு உபராஜரை நியமிக்கவில்லை; பதவியையே ஒழித்துவிட்டார். 1887 ஜனவரியில் தம் இளவரசர் ஒருவருக்கு ஐரோப்பிய மரபைத் தழுவிப் பட்டத்திளவரசர் என்னும் நிலையை அளித்தார். அதற்கு வகுத்த பெயரில் 'மகுட ராஜகுமாரன்' என்னும் நம் சொற்கள் அப்படியே அமைந்திருக்கின்றன. தம்பிக்குரிய இடம் மகனுக்குச் சென்றது. மொழிபெயர்ப்பாளருக்கும் இனித் தயக்கமில்லை.

முன் மாளிகையின் நிலத்தில் இன்று தாய்லாந்தின் தேசியப் பொருட்காட்சிசாலையும் தேசிய நாடக அரங்கமும் தம்மசாத் பல்கலைக்கழகமும் நிற்கின்றன. பொருட்காட்சிசாலை வளாகத்துக்குள் ஐரோப்பியப் பாணி மாடிவீடு ஒன்று தனித்து நிற்கிறது. சூடாமணி வாழ்ந்ததும் இறந்ததும் அவ்வீட்டில்தான். 1973-இல் சாவ்பிரயா ஆற்றின் குறுக்கே திறக்கப்பட்ட பாலத்துக்குப் பின்க்ளாவ் என்று பெயரிட்டார்கள். பாலத்தின் கிழக்குத் தலைப்பு பழைய முன் மாளிகைக்கு மிக அருகில் இறங்குகிறது.